ஹைபிரிட்டா, பெட்ரோலா? சிறுமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கார் வாங்கும் யோசனையில் இருக்கும் திண்டுக்கல், சிறுமலை வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கே இந்த வாரப் பக்கம் முழுவதும். பெரும்பாலான கேள்விகள் ஒரே காரின் இரண்டு வடிவங்களைச் சுற்றி வருகின்றன: ஹோண்டா சிட்டி பெட்ரோல், ஹோண்டா சிட்டி ஹைபிரிட். நாலைந்து லட்சம் ரூபாய் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கணக்கோடு பேசுவோம்.

கேள்வி: வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கார். உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?
*வாசகர், நாகல் நகர்*

பதில்: பெட்ரோல் சிட்டியில் 1.5 லிட்டர் என்ஜின், 121 குதிரைத்திறன். என்ஜின் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரம் சுற்றுகிறது. நமக்கு ஐம்பது வருடமாகப் பழகிய ஏற்பாடு.

ஹைபிரிட்டில் வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. அதிலும் 1.5 லிட்டர் என்ஜின்தான். ஆனால் சிக்கனத்துக்காகவே வடிவமைத்தது, 98 குதிரைத்திறன். ஊருக்குள் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். என்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தயாரிக்கும் வேலையைச் செய்கிறது. நால்வழிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் சேர்ந்து, என்ஜின் நேராகச் சக்கரத்தோடு இணைகிறது. பிரேக் பிடித்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை. பங்கில் பெட்ரோல் ஊற்றினால் போதும்.

கேள்வி: என் பழைய சியாஸிலும் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் என்னிடம் இருப்பதும் ஹைபிரிட்தானே?
*வாசகர், பேகம்பூர்*

பதில்: உங்கள் காரில் இருப்பது என்ஜினுக்குக் கைகொடுக்கும் சிறிய மோட்டார். சிக்னலில் என்ஜினை அணைக்கும், மறுபடி எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும். ஆனால் அந்த மோட்டார் தனியாக காரை நகர்த்தாது. சிட்டி ஹைபிரிட்டில் என்ஜின் முழுக்க அணைந்த நிலையிலும் கார் ஓடும். பெட்ரோல் மிச்சமாவதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது இதுதான். மத்திய அரசே இந்த வேறுபாட்டை ஏற்று, சின்ன மோட்டார் வைத்த கார்களுக்கான மானியத்தை 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

கேள்வி: கூடுதலாகக் கொடுக்கும் பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்? நேரடியாகச் சொல்லுங்கள்.
*வாசகர், ரவுண்ட் ரோடு*

பதில்: உச்ச வகை ஆட்டோமேட்டிக் பெட்ரோல் சிட்டியின் ஷோரூம் விலை 16 லட்சம், ஹைபிரிட் 19.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 3.5 லட்சம். அதற்கான சாலை வரி, இன்ஷூரன்ஸ் கூடுதலையும் சேர்த்தால் 4.2 லட்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ., ஹைபிரிட் 21 கி.மீ. தரும் என்று கொள்ளுங்கள். கி.மீ.க்கு 2 ரூபாய் 38 காசு மிச்சம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் பணம் திரும்ப 17 ஆண்டுக்கு மேல் ஆகும். 20,000 கி.மீ. என்றால் சுமார் 9 ஆண்டு. 30,000 கி.மீ. என்றால் 6 ஆண்டு. விலையும் தள்ளுபடியும் மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே உங்கள் கையில் இருக்கும் விலைப்பட்டியலை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். கணக்குப் போடாமல் விளம்பரத்தில் உள்ள லிட்டருக்கு 27 கி.மீ.யை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அது சோதனைக்கூடத்து எண்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். மாதம் 500 கி.மீ. ஓட்டினால் அதிகம். ஹைபிரிட் சரியா?
*வாசகர், ஆர்.எம். காலனி*

பதில்: பெட்ரோலே வாங்குங்கள். உங்கள் ஓட்டத்துக்குப் பணம் திரும்ப 29 ஆண்டு ஆகும். மிச்சமாகும் நாலு லட்சத்தை வங்கியில் போட்டால், அந்த வட்டியே உங்கள் பெட்ரோல் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும்.

கேள்வி: தினமும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய் வருகிறேன். ஓட்டம் அதிகம் என்பதால் ஹைபிரிட்தான் லாபம் என்கிறார்கள் நண்பர்கள்.
*வாசகி, பழநி சாலை*

பதில்: நண்பர்கள் கி.மீ.யைப் பார்த்தார்கள், சாலையைப் பார்க்கவில்லை. உங்கள் பயணத்தில் பெரும்பகுதி நால்வழிச் சாலை. 90 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, ஆகவே திரும்பச் சேமிக்கவும் ஒன்றும் இல்லை. அங்கே பெட்ரோல் காரே 17 கி.மீ. தரும், ஹைபிரிட் 21 தரும் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் கி.மீ.க்கு ஒரு ரூபாய் 12 காசுதான். போகவர 130 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் என்றாலும், கூடுதல் பணம் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மதுரைக்குள் நெரிசலில் தினம் ஒரு மணி நேரம் நகர்கிறீர்கள் என்றால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். அலுவலகம் ஊர் எல்லையிலேயே இருந்தால் பெட்ரோல் போதும்.

கேள்வி: நான் ஊருக்குள்ளேயே சுற்றுகிறவன். கடை, குடோன், பேங்க், மறுபடி கடை. மெக்கானிக் என்னைத்தான் ஹைபிரிட் வாங்கச் சொல்கிறார். உண்மையா?
*வணிகர், திண்டுக்கல்*

பதில்: முழு உண்மை. உங்கள் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். நின்று நின்று போகும் சாலையில்தான் பெட்ரோல் கார் வீணடிக்கும். ஒவ்வொரு பிரேக்கிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் சூடாகிப் போகிறது. ஹைபிரிட் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுக்கிறது. நிற்கும்போது என்ஜின் அணைந்திருந்தாலும் ஏசி மின்சாரத்தில் ஓடும். பேட்டரி இறங்கினால் மட்டும் என்ஜின் சற்று நேரம் எழும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் பழநி சாலையை நிறைக்கும் நாட்களில், கார்கள் அரை மணி நேரம் ஊர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் பெட்ரோல் கார் 11 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. என்று வைத்தால், கி.மீ.க்கு நாலு ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. என்றால் ஏழு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். மதுரைக்கு 39,000 கி.மீ. ஓட்டும் வாசகியைவிட உங்களுக்குச் சீக்கிரம்!

கேள்வி: சிறுமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலேயே பேட்டரி நிரம்பும் என்றால், வாரம் இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்வரும் எனக்கு இறக்கம் முழுக்க லாபம்தானே?
*தோட்டக்காரர், பழையூர்*

பதில்: லாபம் உண்டு, நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. நாலு பேர் ஏறிய கார் ஏறக்குறைய 1,600 கிலோ. அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 0.44 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டயர் உராய்வு, காற்று, மின்சாரமாக மாறுவதில் ஆகும் இழப்பு எல்லாம் போகக் கால் யூனிட் தேறலாம். ஆனால் அந்தக் காரின் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பேட்டரி நீடித்து உழைக்க வேண்டும் என்பதால் அதை முழுதாகக் காலியாகவும் கார் விடாது, விளிம்புவரை நிரப்பவும் விடாது. ஆகவே 18 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சில வளைவுகளிலேயே அது நிறைந்துவிடும். குடம் நிறைந்தபின் குழாயைத் திறந்து வைத்து என்ன பயன்?

அதன்பிறகு நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மிஞ்சும் மின்சாரத்தைச் செலவழிக்க, கார் தன் ஜெனரேட்டரைக் கொண்டு என்ஜினைப் பெட்ரோல் இல்லாமலேயே சுழற்றும். இறக்கத்தில் திடீரென என்ஜின் இரைந்தால் பயப்படாதீர்கள். பிரேக் சூடாகாமல் உங்களைக் காப்பாற்றும் சத்தம் அது.

கேள்வி: அப்படியானால் பெட்ரோல் காரில் நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் ஆகுமே? எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான் வருகிறார்கள்.
*இளைஞர், சிறுமலைப் பிரிவு*

பதில்: தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். அதாவது கியரில் இறங்குவதே சிக்கனம். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறும், கடைசி வளைவில் மிதித்தால் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் சிட்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில்களைப் பயன்படுத்துங்கள். ஹைபிரிட்டில் கியர் லீவரை ‘B’ நிலையில் போடுங்கள் (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல).

கேள்வி: மலை ஏறும்போது எது உற்சாகம்? எது வேகம்?
*கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

பதில்: உற்சாகத்தைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. கார் என்பது லிட்டர் கணக்கு மட்டும் அல்ல.

ஹைபிரிட்டின் மோட்டார் தரும் முறுக்குவிசை 253 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் சிட்டியில் 145. மோட்டார் அதை நின்ற இடத்திலிருந்தே தரும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து மறுபடி எழும்பும் சிறுமலைச் சாலையில் இது அற்புதமாக இருக்கும். மிதித்தவுடன் கார் எழும். ஆனால் ஏற்றம் நீண்டால் பேட்டரி இறங்கும், என்ஜின் உரத்த குரலில் மின்சாரம் தயாரிக்க ஆரம்பிக்கும். கால் சொல்வதற்கும் சத்தத்துக்கும் பொருத்தம் இருக்காது. சிலருக்கு அது பிடிக்காது.

பெட்ரோல் மேனுவலில் கியரைக் குறைத்து, என்ஜின் ஏறுவதைக் காதால் கேட்டு, வளைவை விட்டு வெளியே வருவது தனி இன்பம். அந்த இன்பத்துக்காக ஒருவர் பெட்ரோல் வாங்கினால் அது நியாயமான காரணம்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குறுகலான மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டிகளை முந்திக்காட்ட அது இடமல்ல.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் செடான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சிட்டி ஹைபிரிட்டை அந்த வரிசையில் சேர்க்கலாமா?
*வாசகர், வத்தலக்குண்டு*

பதில்: சேர்க்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போவைப் பாருங்கள். அதன் முறுக்குவிசையும் அதே 253 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் திறன் 160. ஹைபிரிட் சிட்டியின் மொத்தத் திறன் 126. முறுக்குவிசை கிளம்பும் வேகத்தைத் தரும், திறன் ஓட்டத்தின் உச்சத்தைத் தரும். நால்வழிச் சாலையில் லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் தெரியும். வோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியும் 150 குதிரைத்திறனோடு இதே வரிசையில் நிற்கிறது. விறுவிறுப்பு வேண்டுமென்றால் டர்போ பெட்ரோல், ஊருக்குள் சிக்கனமும் அமைதியும் வேண்டுமென்றால் ஹைபிரிட். இரண்டையும் ஒரே காரில் இந்த விலைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: உலகத்தில் பெரிய ஸ்போர்ட்ஸ் செடான்கள் எல்லாம் ஹைபிரிட்டுக்கு மாறுகின்றனவே? ஃபார்முலா ஒன்றிலும் அதுதானே?
*வாசகர், நிலக்கோட்டை*

பதில்: மாறுகின்றன, அதற்கு விலையும் கொடுக்கின்றன. ஃபார்முலா ஒன் 2009இல் பிரேக் ஆற்றலைச் சேமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2014இலிருந்து கார்கள் முழு ஹைபிரிட். கார் பந்தயத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் பலமாகப் பிரேக் பிடிப்பதால் அங்கே அது பொருந்துகிறது.

சாலைக் கார்களில் பாருங்கள். 2024இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 ஹைபிரிட்டாக மாறி 727 குதிரைத்திறன் பெற்றது. கூடவே எடையும் 2.4 டன்னைத் தாண்டியது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63, எட்டு சிலிண்டரை விட்டு நாலு சிலிண்டர் ஹைபிரிட்டுக்கு மாறியபோது, பழைய ரசிகர்கள் பலர் மனம் ஒப்பவில்லை. திறன் கூடியது, சத்தமும் லாகவமும் குறைந்தன என்பது அவர்கள் ஆதங்கம். சிட்டி ஹைபிரிட்டும் பெட்ரோலைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. கொண்டை ஊசி வளைவில் அந்த எடை கைக்குத் தெரியும். ஈடாக நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோலில் பின்னால் டிரம்.

கேள்வி: வாழைத்தார் ஏற்றிக் குதிரைகளை ஓட்டி வருகிறோம். சத்தமே இல்லாமல் பின்னால் கார் வந்தால் குதிரை மிரளும். இந்த வண்டிகளுக்கு என்ன வழி?
*விவசாயி, சிறுமலை*

பதில்: கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி இது. மெதுவாகப் போகும்போது ஹைபிரிட் மின்சாரத்தில் ஓடும், டயர் சத்தம்தான் கேட்கும். பல ஹைபிரிட்களில் நடப்பவர்களை எச்சரிக்க மெல்லிய ஒலி எழுப்பும் அமைப்பு உண்டு. மலைக்காற்றில் அது போதாது. ஓட்டுநர்களே, வளைவுக்கு முன்பாகவே ஒருமுறை ஹாரன் கொடுங்கள். குதிரைக்குப் பின்னால் வந்துவிட்டால் ஹாரனைத் தொடாதீர்கள். பத்தடி தள்ளி நின்று, ஓட்டி வருகிறவர் கையைக் காட்டியபின் கடந்து போங்கள். மலைப் பாதையில் சுமை சுமக்கும் அந்தக் குதிரைகளுக்கே அங்கே முதல் மரியாதை.

கேள்வி: மலையிலிருந்து வரும்போது வாழைத்தார், எலுமிச்சை மூட்டை எல்லாம் டிக்கியில்தான். ஹைபிரிட்டில் இடம் இருக்குமா?
*வாசகி, நத்தம் சாலை*

பதில்: பெட்ரோல் சிட்டியின் டிக்கி 506 லிட்டர். ஹைபிரிட்டில் பேட்டரி உட்கார்ந்துகொண்டதால் 306 லிட்டர். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைத்தாரை நசுங்காமல் வீடு சேர்க்க வேண்டுமென்றால், பெட்ரோல். இன்னொன்று. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை பின்சீட் பக்கம் இருக்கும். மூட்டையாலும் துணியாலும் அதை அடைத்துவிடாதீர்கள். தூசி படிந்தால் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுச் சமாச்சாரம். பேட்டரி போய்விட்டால் மொத்தமும் போச்சு என்கிறார்கள். எலி வயரைக் கடித்தால் வேறு பயமாக இருக்கிறது.
*வாசகர், ஒட்டன்சத்திரம்*

பதில்: இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததல்ல. ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் 1997இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலேயே ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008இல் வந்துவிட்டது. டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் 2013 முதல் பெங்களூரு அருகே பிடதியில் தயாரானது. சிட்டி ஹைபிரிட் வந்தது 2022 மே மாதம். அதன் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி. நீங்கள் பத்து வருடம் வைத்திருப்பவர் என்றால், வாரண்டிக்குப் பின் புதிய பேட்டரி என்ன விலை என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

எலி பயம் நியாயமானது. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றை நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ தொடவே கூடாது. வாங்கும் முன் கேளுங்கள்: உயர் மின்னழுத்தத்தில் பயிற்சி பெற்றவர் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறாரா, மதுரைக்கு அனுப்புவார்களா?

கேள்வி: வரியில் ஹைபிரிட்டுக்குச் சலுகை உண்டா?
*வாசகர், வேடசந்தூர்*

பதில்: 2025 செப்டம்பர் 22க்கு முன் ஹைபிரிட் சிட்டிக்கு மொத்த வரி 43 சதவீதம், பெட்ரோல் சிட்டிக்கு 45. புதிய ஜிஎஸ்டியில் இரண்டுக்கும் 40. இருந்த சின்னச் சலுகையும் மறைந்தது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். உத்தரப் பிரதேசம் 2024இல் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை விலக்கியது, தமிழ்நாடு மின்சாரக் கார்களைத்தான் ஊக்குவிக்கிறது.

நம் மாநிலத்தில் கவனிக்க வேண்டியது 20 லட்சம் என்ற கோடு. 2023 நவம்பரில் உயர்த்திய சாலை வரிப்படி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. கார் விலை 19.9 லட்சமாக இருந்தால் வரி 3,58,200. 20.1 லட்சமானால் 4,02,000. விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் மட்டும் சுமார் 44,000 கூடுகிறது. ஹைபிரிட் அந்தக் கோட்டின் அருகில் நிற்கிறது. அதிக விலை வண்ணத்தையோ வகையையோ தேர்வு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு யோசிப்பதற்கு நேராக மின்சாரக் காருக்கே போய்விடலாமே?
*ஆசிரியை, சின்னாளபட்டி*

பதில்: வீட்டு வாசலில் சார்ஜ் போட இடம் இருந்தால், தினசரி ஓட்டம் நூறு கி.மீ.க்குள் இருந்தால், போகலாம். சிறுமலை இறக்கம் தரும் ஆற்றலையும் 40 யூனிட் பேட்டரி ஏந்திக்கொள்ளும், முழு சார்ஜோடு உச்சியிலிருந்து கிளம்பாத வரை. மாடிக் குடியிருப்பில் பார்க்கிங் இல்லாதவர், அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர், வீட்டில் ஒரே கார் வைத்திருப்பவர் ஆகியோருக்கு ஹைபிரிட்தான் நடுவழி.

கேள்வி: இந்த மாதம் புக் செய்யப் போகிறேன். டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு காரையும் ஒரே நாளில் கேளுங்கள். வீட்டில் நாலு பேரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஒரு சுற்று. பிறகு நத்தம் சாலையில் திரும்பிச் சிறுமலை ஏற்றத்தில் நாலைந்து வளைவுகள். ஏறும்போது என்ஜின் சத்தம் உங்கள் அம்மாவுக்குத் தொந்தரவா என்று அவரிடமே கேளுங்கள். இறங்கும்போது ஹைபிரிட்டை ‘B’ நிலையில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் எவ்வளவு தூரம் வர முடிகிறது என்று பாருங்கள். டிக்கியைத் திறந்து உங்கள் வழக்கமான சாமான்களை வைத்துப் பாருங்கள்.

போகும்போது ஒரு காகிதத்தில் இரண்டு எண்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கி.மீ. ஓட்டுவீர்கள், அதில் ஊருக்குள் எத்தனை. விற்பனையாளர் மைலேஜைப் பேச ஆரம்பித்ததும் அந்தக் காகிதத்தை அவர் முன் வைத்து, கூடுதல் பணம் எந்த ஆண்டில் திரும்பும் என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஆண்டு வரை காரை வைத்திருப்பீர்கள் என்றால் ஹைபிரிட்டுக்கு முன்பணம் கட்டுங்கள். அதற்குள் விற்றுவிடுவீர்கள் என்றால் பெட்ரோலுக்கு.